தோழிக்கு இடமில்லாத அறிவித்தல்

மாத்தளை நகரத்தில் மரண அறிவித்தல் வெளியிடும் இணையதளம் ஒன்றில் அனுஷியாவுக்கு வேலை. காலையில் சாவு, மத்தியானச் சோற்றுக்கு நடுவிலும் சாவு. ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் போதும், செத்தவருக்கே இல்லாத கோபம் அவருக்கு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து போன் போட்டுக் கிழிப்பார். ஏச்சுக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான், அறிவித்தல் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருளுக்கு அவள் விதி எழுதினாள். முதலில் பெயர், பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர், கடைசியில் தகவல் தரும் உறவினர். எது கட்டாயம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எதற்குப் பின் எது வரலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. மீறினால் சிவப்புக் கோடு விழும்; கோடு இருக்கும்வரை அறிவித்தல் வெளியே போகாது. அதன் பிறகு போன் குறைந்தது. அலுப்பு மட்டும் குறையவில்லை.

அன்று மத்தியானம் அலுவிகாரையிலிருந்து ராசம்மா வந்தாள். இடியப்பம் அவித்து விற்பவள், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கூடவே இருந்து தொழில் செய்த பாக்கியம் காலையில்தான் கண்ணை மூடியிருந்தாள்.

"பாக்கியம் அம்மாவுக்கு நீங்க என்ன முறை?"

"சிநேகிதி."

பாக்கியத்துக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதையெல்லாம் விதி பொறுத்துக்கொண்டது. தகவல் தருபவரின் உறவு கேட்ட இடத்தில்தான் முரண்டு பிடித்தது. அனுமதித்த உறவுகளில் சிநேகிதி கிடையாது. எழுதும்போது அப்படி ஒருத்தி வருவாள் என்று அனுஷியா நினைத்தே பார்க்கவில்லை. இப்போது விதியில் கை வைத்தால் பழைய அறிவித்தல்களை எல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டும். நினைக்கவே உடம்பு வலித்தது.

"அக்கான்னு போட்டுறவாம்மா? உடனே போயிரும்."

ராசம்மாவின் முகம் சுருங்கியது. "ரெண்டு தனிப் பொம்பளைங்களுக்கு வீடு தரமாட்டேன்னாங்க. அக்கா தங்கச்சின்னு பொய் சொல்லித்தான் குடி வந்தோம். அன்னையிலருந்து ஊருக்கெல்லாம் அதே பொய்தான். அவ சாவுலயாவது உள்ளதச் சொல்லணும் மகள்."

அனுஷியா தேநீரைத் தள்ளி வைத்தாள். விதியைத் திறந்து உறவுகளின் கடைசியில் 'தோழி' என்று சேர்த்தாள். பழையவற்றைச் சோதித்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போனது. சிவப்புக் கோடு போய்விட்டது. வாசித்துக் காட்டினாள்: "தகவல்: ராசம்மா, தோழி."

ராசம்மா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதாகச் சிரித்தாள்கூட. பிறகு கேட்டாள்:

"இத வீட்டுச் சொந்தக்காரரும் பாப்பாரா?"

"ஊரே பாக்கும்மா."

ராசம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அப்ப அக்கான்னே போட்டுருங்க மகள். நான் இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கணும்."

அனுஷியா 'தோழி'யை அழித்துவிட்டு 'அக்கா' என்று அடித்தாள். எடிட்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.