ஓடிக்கொலோன் மணந்த நாடா

2012 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பக இயந்திரம், தன் பதிவுகளை வழமைபோல் நாடாவில் பிரதி எடுக்க மறுத்தது. சிறிய திரையில் பிழை எண் ஒன்று தோன்றியது. கசெற் வெளியே தள்ளப்பட்டது.

கிண்ணியாவிலிருந்து வந்த திருத்துநர் நஸ்ரி, ஆளுயர இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டான். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. அதை மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் அதிலுள்ள எல்லாம் போய்விடும். அதற்கு முன் நாடாவில் ஒரு நல்ல பிரதி வேண்டும்.

"நம்பர் எல்லாம் போனாலும் பரவாயில்ல மிஸ், இருந்து அடிச்சுப் போடலாம்."

"குரல்?" என்றார் றீற்றா.

அந்த இணைப்பகத்தை இயக்குபவர் அவர். தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தபின் அவருக்குப் பேச்சு காற்றாகத்தான் வரும். அதற்கு முன்பு அவர் பதிந்து வைத்த வரவேற்புதான் இன்றும் ஒவ்வோர் அழைப்பையும் எடுக்கிறது. பழைய குரல் வேறெங்கும் இல்லை. கலியாண வீடியோவில்கூடப் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள்.

நஸ்ரி அலுவலக இலக்கத்தை அழைத்து, வந்த குரலைத் தன் கைபேசியில் பதிந்து போட்டுக் காட்டினான். கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுவது போலிருந்தது.

"இது நானில்லை தம்பி."

பழைய பிரதிகள் இருந்த கசெற்றுகளையும் இயந்திரம் வாசிக்கவில்லை. அவன் நாடா இயக்கியைக் கழற்றி வெளியே எடுத்தான். மூக்குக்கு அருகே கொண்டுபோனவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மிஸ், இதுக்குக் காய்ச்சலா?"

"என்ன?"

"காய்ச்சலுக்கு நெத்தியில போடுற ஓடிக்கொலோன் மணக்குது."

றீற்றாவின் முகம் மாறியது. "துடைக்கிற கசெற் முடிஞ்சுபோச்சு. கொழும்பில கேட்டா இல்லை எண்டிட்டாங்கள். இதிலயும் ஸ்பிரிட்தானே எண்டு பஞ்சில நனைச்சுத் துடைச்சனான். வெள்ளிக்கு வெள்ளி."

"வெள்ளிக்கு வெள்ளியா! பெத்த புள்ளையக்கூட இப்பிடிப் பார்க்க மாட்டாங்க." அவன் சிரித்தான். "ஸ்பிரிட் பறந்திரும் மிஸ். வாசத்துக்குப் போடுற எண்ணெய் நிண்டிரும். அது ஹெட்டில ஒட்டி, கசெற்றில ஒட்டி, திரும்பவும் ஹெட்டுக்கு வரும்."

"அப்ப நான்தான் பழுதாக்கினனானா?"

"பழுதாக்கல்ல. அன்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

தூய ஸ்பிரிட்டால் நாடா உரசும் ஹெட்டைத் துடைத்து, ஒரு கசெற்றைப் போட்டான். சற்று ஓடி நின்றது. மறுபடி துடைத்து இன்னொன்றைப் போட்டான். அதுவும் நின்றது.

"எல்லாத்திலயும் பிசின். புதுசு ஒண்டு வேணும். இந்த வகை இப்ப வாறதுமில்ல."

றீற்றா எழுந்து குசினிப் பக்கம் போனார். ஒரு கையில் பிளேன்ரீயும் மறுகையில் பிளாஸ்ரிக் உறை பிரிக்காத கசெற்றுமாகத் திரும்பி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயோ, உங்களுக்கு நோன்பெல்லே!"

"ரீய விடுங்க மிஸ். அது என்ன கையில? ஏன் முதலே சொல்லல்ல?"

"புதுசு ஒண்டு கிடக்கட்டும் எண்டு அலுமாரியில, விசிட்டர் கோப்பையளுக்குப் பின்னால வைச்சனான்."

"எங்கட உம்மாவும் இப்பிடித்தான். நான் பிறக்க முதல் வாங்கின பீங்கான்ல இன்னும் ஒருத்தரும் சோறு திண்டதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது ஒண்டுதான் இரிக்கி. துடைச்சது போதாட்டி இதுவும் பிசினாப் போகும். போடவா?"

றீற்றா கசெற்றைத் தன் கையிலேயே சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு உறையின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, அவனிடம் நீட்டினார்.

அவன் ஹெட்டை இன்னொருமுறை துடைத்துவிட்டுக் கசெற்றைப் போட்டான். நாடா ஓடத் தொடங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது வெளி அழைப்பொன்று வந்து விளக்கு எரிந்தது. இயந்திரம் வரவேற்பைச் சொல்லி முடித்தது. அழைத்தவர் எந்த இலக்கத்தையும் அழுத்தாமல் வைத்துவிட்டார்.

"ஆரு மிஸ்?"

"எங்கட அவர், ஹெக்டர். துறைமுகத்தில லோஞ்ச் படகு ஓட்டுறவர். பின்னேரம் ஒருக்கா அடிப்பார்."

"ஒண்டும் கதைக்கல்லயே?"

"கதைக்க அடிக்கிறதில்லை."

நஸ்ரி நாடாவின் பக்கம் திரும்பினான்.

நாடா கடைசிவரை ஓடி நின்றது. திரையில் பிழை எண் வரவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே அவன் டிஸ்க்கை மாற்றி, பிரதியை ஏற்றிவிட்டுப் புறப்பட்டான். தூய ஸ்பிரிட் போத்தலை மேசையில் விட்டுச் சென்றான்.

மறுநாள் பின்னேரம் ஓர் அழைப்பு வந்தது. றீற்றாவின் பழைய குரலில் வரவேற்பு முழுவதும் ஒலித்தது. இலக்கம் எதுவும் அழுத்தப்படவில்லை.