நலமானவர்களின் வரிசை

அந்த ஆய்வகத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, நலமானவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயை ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி என்ற ஓர் எதிர்ப்புப் புரதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமா என்பது ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தமும் வேண்டும். அதற்கு வீட்டு ஆட்களைக் கையை நீட்டச் சொல்வது அங்கே வழக்கம். போன வாரம் ஆய்வு மாணவன் தன் அக்காவை இழுத்து வந்திருந்தான்.

"ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு குழாய் ரத்தமா? உனக்குக் கொசுவே பரவாயில்லடா" என்றாள் அக்கா.

இன்று ரத்த மாதிரிகள் விட்ட பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் நிறம் ஏறியது. ஆன்டிபாடி இருந்தால் மஞ்சள். நோயாளிகளின் வரிசை மஞ்சளானது. நலமானவர்களின் வரிசை வெளுத்தே கிடந்தது, அக்காவின் குழியைத் தவிர.

போன மாதம் ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொன்னபோது, "போனைக் கீழ வைக்கா" என்று வைத்தியம் சொன்னவன் அவன். கண் தானாகச் சரியானதும் அதில் பெருமை வேறு. இந்த நோய் பலருக்கு முதலில் கண்ணில்தான் இப்படி வந்துவிட்டுப் போகும்.

தட்டைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மறுபடி செய்தான். மஞ்சள். புதுத் தட்டு எடுத்தான். மஞ்சள். இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று எழுதிய நிபுணர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவன், இப்போது அவர்கள் சொன்ன குறைகளை மந்திரம்போல் முணுமுணுத்தான். அவர்கள் மேதைகள். தான் வடிகட்டின முட்டாள். அப்படியே இருக்கட்டும், கடவுளே.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "பிரமாதம்பா! இந்த ஒண்ணு மட்டும் ஏன் துருத்திக்கிட்டு நிக்குது? ஏதோ கைப்பிசகு. தூக்கிடு, கட்டுரையை அனுப்பிடலாம்."

தூக்கிவிட்டால் வரைபடம் சுத்தமாகிவிடும். அக்காவின் கண்?

"கைப்பிசகு இல்ல சார். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். அது எங்க அக்கா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா" என்றார். எந்த மேடையிலும் அவர் வாயில் வராத வாக்கியம். "நரம்பு டாக்டர்கிட்ட காட்டு. மூளைக்கு ஸ்கேன் எடுக்கட்டும்."

போனை எடுத்ததும் அக்கா கேட்டாள்: "என்னடா, நான் பாஸா ஃபெயிலா?"

"என் டெஸ்ட் சுத்தக் குப்பைக்கா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அது குப்பைதான்னு காட்டணும். அதுக்கு... நீ ஒரு ஸ்கேன் எடுத்துக்கணும்."



"கண்ணு விஷயமாடா?"

"நாளைக்கே போயிடலாம்க்கா" என்றான்.

"வர்றேன்" என்றாள் அக்கா. "டேய், அது குப்பையாவே இருக்கணும்டா."