நாலாவது தாள்

"படிச்சது மதி, போதும். இனி இந்த விண்ணப்பக் கடலாசையும் தூக்கிட்டு எனக்க முன்னால வரப்பிடாது."

சோமன் பிரீடிகிரி விண்ணப்பத்தைப் புட்டுத் தட்டோடு சேர்த்துத் தள்ளினார். தாளின் மூலையில் கடலைக்கறி ஒட்டிக்கொண்டது. ரேஷ்மி பாவாடையில் துடைத்தாள்.

"நாளைக்குத்தான் கடைசி நாளு, அப்பா."

"தையல் கிளாசுக்குக் கடைசி நாளே கெடையாது. அங்ஙன போ." கை கழுவிக்கொண்டே கேட்டார்: "பின்ன, எனக்க பிரசங்கம் எழுதியாச்சா? நாலு மணிக்குக் கூட்டமாக்கும்."

கடைசி நாள் அண்ணன் ஜிஜினுக்கும் கிடையாது. பிரீடிகிரியில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தோற்பதற்காக அவன் நெய்யாற்றின்கரை டுட்டோரியலுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். ரேஷ்மி பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பு வாங்கிய குற்றத்துக்குத் தையல். அம்மா ஓமனா, அப்பாவுக்குப் பதில் தான் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றார்கள். இருக்கிறார் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

சோமன் குளத்தூரில் ரேஷன் கடைக்காரர், வாசகசாலைச் செயலாளரும்கூட. மகள்களை எப்படி வளர்க்க வேண்டும் என்று ஒரு பெண் எழுதிய புத்தகத்தைப் பற்றி அன்று அவர் பேசவேண்டும். புத்தகம் இருபது நாளாக அவர் கக்கத்திலேயே கடைக்கும் வீட்டுக்கும் நடந்தது. அட்டை முழுக்க வியர்வைக் கறை. உள்ளே ஒரு பக்கமும் அழுக்காகவில்லை. படித்தது ரேஷ்மி, அடுக்களையில், இரண்டு தடவை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அப்பாவின் பேச்சுகளை அவள்தான் எழுதுகிறாள். மேடை ஏறும்வரை அவர் அதைப் பார்ப்பதில்லை. முன்கூட்டி வாசித்தால் உணர்ச்சி போய்விடுமாம்.

"எழுதியாச்சு அப்பா. நாலு தாளு."

மேடையில் பெண் விடுதலைக்காக ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓமனா பின்பக்கம் கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் தாளில் சோமன் பெண்ணின் அடையாளம் என்றார். இரண்டாம் தாளில் அடுப்பிலிருந்து அவளை மீட்டார். மூன்றாவதில் கைதட்டல் வந்தது. அந்த வேகத்திலேயே நாலாவதைப் புரட்டினார்.

"சொல்வது எளிது, செய்பவனே தகப்பன். என் மகள் ரேஷ்மி மேலே படிக்கப் போகிறாள். இதோ, உங்கள் முன்னால், அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தாளைத் திருப்பினார். பின்னால் குண்டூசியில் விண்ணப்பம், கடலைக்கறிக் கறையோடு.

கூரை அதிரக் கைதட்டினார்கள். தலைவர் சுந்தரதாஸ் பேனாவை மூடி திறந்தே நீட்டினார்.

"போடும் ஓய்! ஊருக்கு இப்பிடி ஒரு தகப்பன் மதி!"

சோமன் மகளைத் தேடினார். அவள் சாயாத் தட்டைப் பிடித்துக்கொண்டு, நன்றாக வளர்க்கப்பட்ட பெண்ணைப் போலத் தலைகுனிந்து நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

நன்றியுரையில் 'புரட்சித் தகப்பன்' சோமனுக்குப் பொன்னாடை கிடைத்தது. புத்தகம் எழுதியவளின் பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சாயா போட்டவளின் பெயரை யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சோமன் பொன்னாடையோடு முன்னால் நடந்தார். மகளைத் திட்ட வாயெடுத்தபோதெல்லாம் யாராவது மறித்துப் பாராட்டினார்கள். மூன்றாவது ஆளிடம் அவரே சொன்னார்: "அது நான் நேத்தே தீருமானிச்சதாக்கும்."

ஓமனா காலிக் கெட்டிலோடு பின்னால் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அடுத்த மாசக் கூட்டத்துக்கு எந்தப் புக்கு மக்கா?"

"பெண்ணுக்கச் சொத்துரிமையப் பத்தியாக்கும் அம்மா."

ஓமனா கெட்டிலைக் கை மாற்றிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு எனக்க அப்பன் தந்த பத்து சென்ட் இப்பளும் உனக்க அப்பாவுக்க பேருலயாக்கும் கெடக்கு. அதுக்கும் ஒரு தாளு கூடுதலா எழுது."