கோவிந்தராஜனின் நெற்றி

பெருமாள்சாமியை அன்று காலை நான் அடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், ஒரு கையில் குடையும் மறு கையில் பையும் இருந்ததுதான்.

விஜயதசமி. காக்ஸ் டவுன் மார்க்கெட்டை ஒட்டிய அவனுடைய ஃபிரேம் கடை வாசலில் வாழைக்கன்றும் முந்தின நாள் உடைத்த பூசணிக்காயும் கிடந்தன. உள்ளே ஆயுத பூஜை ஜோராக நடந்து முடிந்திருந்தது. கண்ணாடி வெட்டும் வைரக்கத்திக்குப் பொட்டு, ரம்பத்துக்குப் பொட்டு, சுத்தியலுக்கு, ஆணி டப்பாவுக்கு, டெலிபோனுக்கு, கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு. நடுவில் மேஜை மேல் நான் வரைந்த படம். கோவிந்தராஜன் முகம். நெற்றி நடுவே கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். படத்தின் மேல் விளிம்பில் ஒரு முழம் சாமந்தி.

படத்துக்கு இன்னும் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வெறும் காகிதம்.

"யாருப்பா இதை வெச்சது?"

"நான்தான் மிஸ்." பெருமையாகத்தான் சொன்னான். "எல்லாத்துக்கும் வெச்சிட்டு பெரியவரை மட்டும் சும்மா விட்டா நல்லாருக்குமா?"

"பெரியவர் உயிரோட இருக்காருப்பா!"

அவன் முகம் மாறியதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஐயோ மிஸ். நம்ம கடைக்கு இந்த சைஸ்ல மூஞ்சி வந்தா போனவங்கதான் மிஸ். இருக்கிறவங்களை யாரு வரையறாங்க?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற நேரம் போக நான் முகங்கள் வரைந்து தருகிறேன். எனக்கு வருகிற ஆர்டரில் பத்துக்கு ஒன்பது, காரியத்துக்கு முன்னால் அவசரமாக நீட்டப்படுகிற பாஸ்போர்ட் போட்டோதான். உயிருள்ள மனிதர் எதிரே வந்து உட்கார்ந்து, தும்மி, மூக்கைச் சொறிந்து, "இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?" என்று கேட்டு, அப்படி நான் வரைந்தது கோவிந்தராஜனை மட்டும்தான்.

அதுவும் அவர் மனைவி சாந்தகுமாரி பிடிவாதம் பிடித்ததால். கணவர் ரிடையர் ஆகிற வருஷத்தில் அவர் முகத்தை வரைந்து ஹாலில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கோவிந்தராஜனின் அக்கா உடனே முட்டுக்கட்டை போட்டார். உயிரோடு இருக்கிறவனை எழுதிச் சுவரில் மாட்டுவார்களா, ஆகாது என்றார். சாந்தகுமாரி என்னிடம் வந்து, "என்ன செய்யலாம் மேடம்?" என்று தயங்கியபோது, "இதெல்லாம் ஒரு பேச்சா? நாளைக்கே அனுப்பி வையுங்க," என்று சொன்ன புண்ணியவதி நான்தான்.

படம் முடிகிற சமயத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அந்த அக்கா, "படம் எழுதாதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேனே," என்று கேட்டுவிட்டார். சாந்தகுமாரி இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "படத்தை முடிச்சிடுங்க மேடம். விஜயதசமி அன்னிக்குத்தான் ஆபரேஷன். நல்ல நாள்னு நானே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன். அன்னிக்கு சாயந்திரமே படம் எங்க வீட்டுச் சுவத்துல ஏறணும்," என்று மட்டும் சொன்னார்.

அந்த விஜயதசமி இன்றுதான். அந்த நேரத்தில் கோவிந்தராஜன் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தார். சாந்தகுமாரி அங்கிருந்து நேரே இங்கே வரப்போகிறார். வந்து, குங்குமமும் சாமந்தியுமாகப் புருஷன் முகத்தைப் பார்த்தால் அவர் என்ன ஆவார்? குடையையும் பையையும் கீழே வைத்தேன்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மிஸ், பொடிதானே," என்று பெருமாள்சாமி எழுந்து, வாயைக் குவித்துக்கொண்டு படத்தின் மேல் குனிந்தான்.

"ஊதாதே!"

நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். எச்சில் ஒரு பொட்டுப் பட்டால் போதும். குங்குமம் ஈரத்தில் ஊறிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுக்க ஆண்டவர்தான் இறங்கி வரவேண்டும்.

"சந்தனமும் வெச்சியா?"

"இல்ல மிஸ். ரம்பம், மிஷின்னு வெச்சே தீர்ந்துடுச்சு."

அங்கேயே அவனை மன்னித்துவிட்டேன். ஈரச் சந்தனம் பட்டிருந்தால் நான் குடையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டியதுதான்.

படத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கம் மெதுவாகத் தட்டினேன். ஒட்டாத பொடி உதிர்ந்தது. உதிர்ந்தது நேரே கீழே விழாமல் மூக்குக்கண்ணாடி மேலும் சட்டை மேலும் இறங்கியது. பூச்சரம் உரசியதில் பின்னணியில் வேறு ஒரு சிவப்புக் கோடு. அப்போதுதான் என் வம்பு எவ்வளவு பெரிது என்று புரிந்தது. முகத்தைக் கரியில் வரைந்திருந்தேன். மூக்குக்கண்ணாடியும் மீசையும் பென்சில். நீலச் சட்டை கலர் பென்சில். பின்னணி, பேஸ்டல் சாக்பீஸ் தேய்த்த சாம்பல் நிறம். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்று நாலு விதமாகச் செய்திருந்தேன். இப்போது நாலும் நாலு விதமாக என் உயிரை எடுத்தன. கரியைக் காகிதத்தோடு பிடித்துவைக்கிற ஃபிக்ஸடிவ்வும் அடிக்கவில்லை. அடித்தால் முகம் கறுத்துப்போகும் என்ற என் மேதாவித்தனம்.

பையில் மூன்று ரப்பர் இருந்தன. பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர். தேய்த்தால் வெல்லம்போல உதிர்கிற பழுப்பு ரப்பர். கையால் பிசைந்து எந்த உருவத்துக்கும் கொண்டுவரக்கூடிய சாம்பல் நிற ரப்பர். எதையும் நேரே கோவிந்தராஜன் மேல் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அதே காகிதத்தில் ஒரு துண்டை எடுத்தேன். கரி ஒரு பட்டை, பென்சில் ஒரு பட்டை, கலர் பென்சில், பேஸ்டல் என்று வரிசையாகத் தீட்டினேன். பெருமாள்சாமியைப் பூஜைத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதே குங்குமத்தை எல்லாவற்றின் மேலும் தூவி விரலால் அழுத்தினேன்.

"இன்னும் வெக்கறீங்களே மிஸ்," என்றான் அவன் பயந்துபோய்.

"இது ஒத்திகை. பேசாம நில்லு."

வெள்ளை ரப்பரை முதலில் பென்சில் மேல் வைத்தேன். குங்குமம் போனது, கூடவே பென்சிலும் சுத்தமாகப் போனது. கரி மேல் அது செய்த அக்கிரமத்தைச் சொல்லி மாளாது. கரியும் குங்குமமும் ஒன்றாகக் குழைந்து செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல். கலர் பென்சிலில் மெழுகு இருப்பதால் அங்கே இன்னும் மோசம், சிவப்பை உள்ளே ஏற்றிப் பாலிஷ் போட்டுவிட்டது. வெள்ளை ரப்பரைத் தூக்கி ஆணி டப்பாவுக்குள் எறிந்தேன்.

பழுப்பு ரப்பர் நல்ல பிள்ளை. பென்சில் மேல் அதை அழுத்தாமல் உருட்டினால், உதிர்கிற துகள்களே குங்குமத்தைக் கட்டிக்கொண்டு வந்தன. பென்சில் கொஞ்சம் வெளுத்தது. அதைத் திரும்பத் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் கரி மேல் அதன் துகள் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது.

பிசையும் ரப்பர் கலர் பென்சிலில் ஜெயித்தது. தேய்க்கவே கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மெழுகு தன் நீலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குங்குமத்தை மட்டும் விட்டுக்கொடுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அதே தைரியத்தில் கரியில் ஒற்றினேன். குங்குமத்தோடு கரியும் மொத்தமாகக் கிளம்பி வந்து, நடுவில் வெள்ளையாக ஒரு வழுக்கை விழுந்தது.

பேஸ்டலை எந்த ரப்பராலும் காப்பாற்ற முடியவில்லை. அதுவும் பொடி, இதுவும் பொடி. எது யாருடையது என்று ரப்பருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அது வெறும் பின்னணி. இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகத் தேய்த்துவிடலாம்.

மிஞ்சியது நெற்றி. அதுதான் முக்கியம்.

"பெருமாள்சாமி, பக்கத்து பேக்கரி திறந்திருக்கா?"

"திறந்திருக்கு மிஸ். டீ சொல்லட்டுமா?"

"டீ வேண்டாம். பிரெட் வாங்கிட்டு வா. புதுசா, மெத்துனு இருக்கணும். வெண்ணெய், ஜாம், எதுவும் படக்கூடாது."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனான். ரப்பர் வருவதற்கு முன்னால் கரியை பிரெட்டால்தான் அழித்தார்கள் என்று படித்திருக்கிறேனே தவிர, நான் செய்து பார்த்ததில்லை. ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவில் இருக்கிற வெள்ளையைச் சின்ன உருண்டையாக உருட்டி, ஒத்திகைத் துண்டில் கரி மேல் லேசாக ஒற்றினேன். சிவப்பு வந்தது. இன்னொரு உருண்டை. இன்னும் கொஞ்சம் சிவப்பு. கரி ஒரு சுற்று வெளுத்ததே தவிர அசையாமல் நின்றது. "ஸ்தோத்திரம்," என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகுதான் படத்தைத் தொட்டேன். சட்டைக்குப் பிசையும் ரப்பர், மூக்குக்கண்ணாடிக்குப் பழுப்பு, நெற்றிக்கு பிரெட். ஒவ்வொரு உருண்டையையும் ஒரே ஒருமுறை ஒற்றித் தூக்கிப்போட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். இந்த மாதிரி சகுனங்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அன்று குனிந்து ஒற்றிக்கொண்டிருக்கும்போது, இது முழுக்கப் போய்விட்டால் அவர் பிழைத்துவிடுவார் என்று என் மனசு தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அதட்டிப் பார்த்தேன், அடங்கவில்லை.

கடைசிச் சிவப்பும் போனது. வெளுத்த இடத்தில் கரியை மெல்லத் தடவி விரலால் சேர்த்தேன். பின்னணியைத் துடைத்துப் புதிதாகப் பேஸ்டல் தேய்த்தேன். பெருமாள்சாமி சாமந்தியைக் கொண்டுபோய் டெலிபோனுக்குச் சாத்தினான். நாங்கள் இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். மாசு மருவில்லாத நெற்றி. எனக்குக் கால் வலித்தது அப்போதுதான் தெரிந்தது.

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. சாந்தகுமாரி இறங்கினார். தலை கலைந்திருந்தது, கண் வீங்கியிருந்தது.

"நல்லபடியா முடிஞ்சுது மேடம்," என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தார். "கண்ணு முழிச்சுட்டாரு. வாயில குழாய், பேச முடியல. என் விரலை அழுத்தினாரு."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். பெருமாள்சாமி பூஜைத் தட்டைப் பார்த்துக் கும்பிட்டான்.

பிறகு அவர் படத்துக்குப் பக்கத்தில் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். எங்கேயோ ஒரு சிவப்பை விட்டுவிட்டேனோ என்று நானும் குனிந்து பார்த்தேன்.

"அப்படியே இருக்காரு மேடம். ஆனா…"

"சொல்லுங்க."

"நெத்தி வெறுமையா இருக்கே."

நான் பெருமாள்சாமியைப் பார்த்தேன்.

"உங்க மேல குத்தம் இல்ல. உங்க வீட்டுக்கு வந்தா ரோட்டுத் தூசின்னு மூஞ்சி கழுவிட்டுத்தானே உக்காருவாரு, நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குங்குமம் இல்லாம அவரு வாசல் தாண்டினது இல்ல. இன்னிக்குக் காலைல தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறப்ப நர்ஸ் பஞ்சால துடைச்சு எடுத்துட்டாங்க. அந்த வெறும் நெத்தியைப் பார்த்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு மேடம். அவ்ளோ நேரமும் வெளியில உக்காந்து அதையேதான் நினைச்சிட்டிருந்தேன். சிரமம் பார்க்காம ஒரு பொட்டு வெச்சுக் குடுத்துடுங்க."

"அம்மா, நேத்தே வெச்சிருந்தேம்மா!" பெருமாள்சாமிக்கு அடக்க முடியவில்லை. "மிஸ்தான் காலைலேர்ந்து பிரெட்டு போட்டுத் தொடைச்சாங்க!"

அவனை முறைத்தேன். பிரயோஜனம் இல்லை. சாந்தகுமாரி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேஜையில் கிடந்த சிவப்பும் கறுப்புமான பிரெட் உருண்டைகளைப் பார்த்தார், பொட்டு வைத்த சுத்தியலைப் பார்த்தார். ஒவ்வொன்றாக அவருக்கு விளங்குவது முகத்திலேயே தெரிந்தது. படத்துக்கு யார், எதற்காகப் பொட்டு வைத்தார்கள் என்பதும் விளங்கிவிட்டது. நான் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் உட்காரவில்லை. "போனவர்னு நினைச்சியா?" என்று அவனைக் கேட்டார்.

"தப்புதான்மா," என்று அவன் காதைப் பிடித்துக்கொண்டான்.

"விரலை அழுத்தினாருப்பா," என்றார் சாந்தகுமாரி. "இந்த விரலை." அந்த விரலை அவனுக்குக் காட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் ஃபிரேம் கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

பையில் சிவப்பு பேஸ்டல் பென்சில் இருந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவே, அவர் விரலால் காட்டிய இடத்தில், அவர் சொன்ன அளவில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் பெருசா," என்றார் சாந்தகுமாரி. "தூரத்துலேர்ந்து அவரு அக்காவுக்குத் தெரியணும்."