ரண்டர்ஸில் ஓர் ஆர்மேனியச் சிலுவைக்கல்

டென்மார்க், ரண்டர்ஸ் நகரில் வதியும் சகல தமிழ் மக்களுக்கும், மேலிருந்து கவனிக்கும் அர்ச்சிஷ்டவர்களுக்கும் இத்தால் அறியத்தருவது: 1988ஆம் ஆண்டு பங்குனி மாதம் 12ஆம் திகதி மாலை ஐந்து மணிக்கு, நமது ஒன்றியத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க ஆர்மேனிய மடாலயச் சொற்பொழிவு கோயில் மண்டபத்தில் நடைபெறும்.

எழுதியவர் தலைவர் ஞானரட்ணம். ஒன்றியத்தில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நிர்வாகிகள். மிஞ்சிய ஒரே உறுப்பினர் அந்தோனிதாசன். அவனுடைய மனுசி யசிந்தாவும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணம் குருநகரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினாலு மாசம். கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில்.

"பேச்சாளற்றை மச்சான் மினிஸ்திரியிலை பெரிய ஆளாம். கூட்டம் முடியக் கடிதத்தைக் கையிலை குடும்" என்று ஞானரட்ணம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவன் வந்திருந்தான்.

பேச்சாளர் ஹோல்கர், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். ஏழு பத்து ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க, நிர்வாகிகளில் ஒருவனான நான். மெழுகுதிரி ஏற்றல், மௌனம், வரவேற்புரை, தலைவருரை, உபதலைவருரை, செயலாளருரை. பொன்னாடை கிடைக்காததால் மஞ்சள் யன்னல் திரையைப் போர்த்தினோம். அவர் வாயைத் திறந்தபோது ஆறு இருபது.

சுவரில் படங்கள் விழுந்தன. மலையைக் குடைந்த தேவாலயம். கூரையின் ஒற்றைத் துவாரத்தால் மட்டும் வெளிச்சம். பிறகு ஆளுயரக் கற்கள். கல்லில் பின்னிய லேஸ் போலச் சிலுவை. ஆணியும் இல்லை, ஆண்டவரும் இல்லை. அடியிலிருந்து இலைகள் துளிர்த்தன.

அந்தோனிதாசன் எழும்பினான். கையில் கடித உறை.

"கல்லைப்பற்றிக் கேக்கிறதெண்டால் கேளும். இல்லாட்டி இரும்" என்றார் ஞானரட்ணம்.

"ஒரு கல்லுச் செதுக்க எவ்வளவு காலம்?"

"ஒரு வருடம் போகலாம்" என்றார் ஹோல்கர்.

"கல்லுக்கு ஒரு வருசம். என்ர கடதாசிக்குப் பதினாலு மாசம்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தலைவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். முறைத்து முடித்துப் பிரகடனம் செய்தார்: கோயில் வளவில் நாங்களும் இப்படியொரு கல் நாட்டுவோம், நிர்வாகிகளின் பெயர்களைப் பொறிப்போம்.

யாருடைய பெயர் முதல் என்று சண்டை தொடங்கியது. ஹோல்கர் கையை உயர்த்தினார். அந்தக் கற்களில் பெயர் வெட்டுவது பெருமைக்கல்ல, 'இந்தப் பாவிக்காக மன்றாடுங்கள்' என்று கேட்பதற்கு என்றார். மொழிபெயர்த்தேன்.

"சரி" என்றார் ஞானரட்ணம். "தலைமைப் பாவியெண்டு என்ர பேரைப் போடுங்கோ."

"அதெப்பிடி?" செயலாளர் பீற்றர் பாய்ந்தார். "ஒன்றிய யாப்பு விதியின்படி சகல ஆவணமும் செயலாளற்றை பேரிலைதான்."

"நீர் போன வருசம் வந்த பாவி. நான் எண்பத்திநாலிலை வந்தவன்!"

ஏழுமணிக்கு ஹோல்கர் கோட்டை மாட்டிக்கொண்டு, திரையோடு ஓடினார். அந்தோனிதாசன் என்னைப் பிடித்து இழுத்தான். "வா அண்ணை, டெனிசிலை சொல்ல ஆள் வேணும்."

ரயில் மேடையில் அவரைப் பிடித்தோம். ஹோல்கர் கடிதத்தை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"குழந்தைக்கு என்ன வயது?"

"பதினைஞ்சு மாசம். நான் இன்னும் காணேல்லை."

"வெட்கக்கேடு" என்றார், தன் நாட்டைப் பார்ப்பதுபோலத் தண்டவாளத்தைப் பார்த்து. "இதை நான் யாரிடம் கொடுக்க?"

"உங்கடை மச்சானிட்டை, ஐயா. மினிஸ்திரியிலை இருக்கிறவரிட்டை."

ஹோல்கர் கடிதத்தை மெதுவாக மடித்து அவன் கையிலேயே வைத்தார்.

மச்சான் வேலை செய்வது மீன்பிடி அமைச்சில்.