கிணற்றில் இறக்கிய விளக்கு

...இந்த ஓட்டைக்குள்ள மூஞ்சிய வெச்சிப் படுக்கச் சொல்ற வைத்தியத்த எவன் கண்டுபுடிச்சான் என்று நினைத்துக்கொண்டே சடையப்பன் கவிழ்ந்து கிடந்தார், மேசையின் தலைப்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை, அதன் வழியே வெள்ளைத் தரை மட்டும் தெரிந்தது, திடீரென்று அதில் இரண்டு கால்கள் வந்து நின்றன, செருப்பு இல்லை, சாக்ஸ் மட்டும், அதனால்தான் நெட்டி முறிக்கிற இந்த ஜெபகுமார் வருவதும் போவதும் கேட்பதே இல்லை... வாசல் போர்டில் டாக்டர் என்று போட்டிருக்கிறான், ஊசி போடுவியா என்று கேட்டால் இல்லைங்கய்யா, மாத்திரை எழுதுவியா, இல்லைங்கய்யா, அப்ப இன்னாத்துக்குடா டாக்டரு, "நைனா, செத்த வாய மூடிகினு இரு" என்று மகள் பிரபா பல்லைக் கடித்தாள். ஒரு கால் நீட்டம், ஒரு கால் குட்டையாம். இத்தனை வருஷம் இந்தக் காலோடதானே கெணறு கெணறா எறங்கினேன், எந்தக் கெணறு வந்து கொற சொல்லுச்சி. முதுகெலும்பு ஒரு நூல் நகர்ந்தால் சர்க்கரை வருமாம், தூக்கம் போகுமாம், காது மந்தமாகுமாம், தள்ளி வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம், அப்படீன்னா ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரிய எல்லாம் இழுத்து மூடிட வேண்டியதுதானே... மூலையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கியது, ஏசிக் காற்றில் மெல்ல ஆடியது, அதற்குத் தலை இல்லை, படுக்கும்போதே பார்த்தார், இப்போது பார்க்க முடியாது, ஆனால் ஆடுவது தெரிந்தது.

அவர் கழுத்துக்கு ஒன்றும் இல்லை. பெண்சாதி கன்னியம்மா கழுத்துக்குத்தான் இவ்வளவும், பொங்கலுக்கு அப்புறம் அவளால் தலையைத் திருப்பவே முடியவில்லை, கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறாள், தேர் திரும்புகிற மாதிரி. செங்கல்பட்டில் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம், மெதுவாத்தான் சரியாகும், எவன் கூப்பிட்டாலும் போய் நெட்டி முறிச்சிக்காதீங்க, மூளைக்குப் போற ரத்தக்குழா அந்த எலும்பு வழியாத்தான் போவுது என்று சொன்னாள். பிரபா கேட்கவில்லை, போனில் ஒரு வீடியோ, ஒரு திருப்பு, ஒரு சத்தம், படுத்தவன் அழுதுகொண்டே சிரிக்கிறான், இப்படியே தினம் பார்த்துப் பார்த்து மாமல்லபுரம் ரோட்டில் இருக்கிற இந்த இடத்துக்கு இழுத்து வந்துவிட்டாள். சரி, நான் மொதல்ல படுக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆவலன்னா உங்கம்மா படுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பாழுங்கிணறு தூர்வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார்கள், அணைந்து வந்தால் உள்ளே கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது, எரிந்துகொண்டே வந்தால் இறங்கலாம், அந்த விளக்கு ஒரு நாளும் அவரை ஏமாற்றியதில்லை. இன்றைக்கு விளக்கு அவர்தான். முன்னறையில் ஸ்வாதி என்ற பெண், பாட்டி, உங்க வூட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டபோது கன்னியம்மா வழக்கம்போலச் சடையை முன்னால் இழுத்துப் போட்டுத் தொட்டுக் காட்டினாள், அந்தப் பெண் விழிக்க, பிரபா சிரித்துக்கொண்டே பேரைச் சொன்னாள். ரேஷனுக்கும் அந்தச் சடைதான், ஓட்டுப் போடவும் அந்தச் சடைதான், கல்யாணமான புதிதில், யாரும் இல்லாத நேரம், என் பேர ஒரே ஒரு தபா சொல்லேன் என்று கெஞ்சினார், நாக்கு அழுகிப் பூடும், போய்யா என்று ஓடிவிட்டாள்...

மல்லாக்கப் படுங்கய்யா. குளிர்ந்த கை தாடையைப் பிடித்தது, சட்டைக் காலரில் எதையோ மாட்டியது, இன்னா இது, மைக்கு, எலும்புக்கு எதுக்குடா மைக்கு, வீடியோவுக்குங்கய்யா. முடி வெட்டுகிற பன்னீர்செல்வமும் வேலை முடிந்ததும் தலையை இப்படித்தான் பிடித்து ஒரு திருப்பு திருப்புவான், அதோடு போச்சு, அவன் எவன் சர்க்கரையையும் தீர்த்து வைக்கிறேன் என்று சொன்னதில்லை... மடக். சத்தம் சுவரில் இருந்த ஸ்பீக்கரில் வந்தது. கழுத்தில் வந்ததா? கை திரும்பியது அப்புறம், சத்தம் வந்தது முன்னால், அப்படித்தான் இருந்தது, இல்லை, பயத்தில் அப்படித் தோன்றியதா? இப்ப எப்பிடி இருக்குங்கய்யா. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள், கன்னியம்மா உடம்போடு திரும்பிப் பார்த்தாள். "லேசாத்தான் கீது" என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? லேசாகத்தான் இருந்தது. "ஒண்ணும் இல்ல. போய்ப் படு."

அவள் படுத்ததும் சடை மேசை விளிம்பில் இருந்து தொங்கி ஆடியது, மூலையில் அந்த எலும்பு ஆடுகிற அதே ஆட்டம், இதைச் சொல்லலாமா, சொன்னால் சிரிப்பார்கள். மடக். இந்தப் பக்கம் மடக். சடை நின்றது. எலும்பு ஆடிக்கொண்டிருந்தது. கடல் எங்கேயோ உருண்டது, பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாள், தலையை இடமாகத் திருப்பினாள், வலமாகத் திருப்பினாள், எண்ணெய் போட்ட கதவு மாதிரி. "பாத்தியா நைனா, வாய்க்கு வந்ததப் பேசினியே" என்று பிரபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசியது தப்புதான் போலிருக்கு, தப்பாவே இருக்கட்டும், அவ திரும்பிட்டா போதும்...

வெளியே வெயில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிற்பப் பட்டறை, முகம் செதுக்காத சிலைகள் வரிசையாகச் சாலையைப் பார்த்து நின்றன, பிரபா காரைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கன்னியம்மா அந்தச் சிலைகளையே பார்த்துக்கொண்டு, பக்கத்து வூட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி, "சடையப்பா, வூட்டுக்குப் போலாமா" என்றாள். கார் ஜன்னலுக்குள் இருந்து பிரபா விழுந்து விழுந்து சிரித்தாள், அம்மாவுக்கு வயசு கொறைஞ்சி பூட்சி. அவர் சிரிக்கவில்லை. "இப்ப இன்னா சொன்ன?" "இன்னா சொன்னேன்?" என்றாள் கன்னியம்மா, முகத்தில் கேலி இல்லை, வெட்கமும் இல்லை, அவள் கை சடையைத் தேடிப் போய், பாதியில், எதற்குப் போனோம் என்று தெரியாத மாதிரி நின்றது. அவளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன் சீட்டில் ஏறி, "செங்கல்பட்டுக்கு வுடு, ஆஸ்பத்திரிக்கு" என்றார். "எதுக்கு நைனா? நல்லாத்தானே கீது, நல்லாத் திரும்புது." "வுடுன்னா வுடு."

வண்டி திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பியது. இன்னா ஆச்சு என்று அந்த டாக்டரம்மா கேட்டால் என்ன சொல்வது, வாய் கோணலியே, கை கால் இழுக்கலியே, என் பேரச் சொன்னாம்மா என்று சொன்னால் எழுதிக்கொள்வாளா, இல்லை பிரபா மாதிரி சிரிப்பாளா... ஒருவேளை வலி போன சந்தோஷத்தில் சொன்னாளோ, இத்தனை வருஷம் வராதது இன்றைக்கு வந்ததோ? விளக்கு எரிந்துகொண்டேதான் மேலே வந்தது. ஆனால் கயிறு எட்டிய ஆழம் வரைக்கும்தானே அது பார்த்தது, அதற்குக் கீழே இன்னும் கிணறு இருந்தது, எந்தக் கிணற்றிலும் இருந்தது, அதை அவர் ஒரு நாளும் யோசித்ததே இல்லை... பின் சீட்டில் இருந்து மறுபடியும் அவர் பெயர், மெதுவாக, ஒரு சின்னப் பெண் புதுசாகக் கற்றுக்கொண்ட வார்த்தை மாதிரி. கேட்க ஆசைப்பட்ட குரல்தான். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார், கழுத்து திரும்பவில்லை, பயமா, அந்த மடக்கா, அவருக்குத் தெரியவில்லை.