ஹெட்போனுக்கு அந்தப் பக்கம்

பதிவு தொடங்குமுன் ரஸ் ஏசியை நிறுத்தினான். அதன் உறுமல் மைக்கில் விழும். ஃபுளோரிடாவின் ஆகஸ்ட் மத்தியான வெக்கை இரண்டே நிமிடத்தில் கார் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டோரீன் ஹக்கபி கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி நறுக்கித் தரும் கவுன்டரில் வேலை. காலை ஷிஃப்டை முடித்துவிட்டு உடுப்புகூட மாற்றாமல் வந்திருந்தாள்.

ரஸ் பன்னிரண்டு வருடம் ஒரு மதச் சபைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தவன். வெளியேறியவர்களைப் பேசவைத்து வாரம் ஒரு வீடியோ போடுகிறான். டோரீனை ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளும் ஏழு வருடமாக மாட்டேன் என்றுதான் சொன்னாள். போன வாரம் அவளே ஃபோன் செய்தாள்.

"ஜனங்க முதல்ல இதத்தான் கேப்பாங்க," என்றான். "ஏன் இப்போ?"

"கேமரா ஓடுதா?"

"இன்னும் இல்ல."

"ஓடும்போது கேளு, அதுக்கு ஒரு பதில் இருக்கு. உனக்கு வேற பதில்."

"ரெண்டு பதிலா? சபையில உங்கள நல்லாத்தான் பழக்கியிருக்காங்க."

கேமராவுக்கான பதில், இனி எந்தக் குடும்பமும் இப்படிச் சிதறக் கூடாது என்பது. அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

சபைக்குள் இருப்பவர்கள் வெளியேறியவர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது, அவர்களோடு உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எதிரி என்ன பேசுகிறான் என்பது சபைக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கென்று தலைமைக் கட்டடத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் ஆறு மேஜைகள். அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு டோரீன் ஒன்பது வருடம் தட்டச்சு செய்திருக்கிறாள். சபைமேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு, பெயர், தேதி, மிரட்டல் இவற்றை மட்டும் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். மற்றதற்கெல்லாம் 'சம்பந்தமில்லை' என்று ஒரு சொல் போட்டால் போதும். அந்த அறையில் வேகமான கை அவளுடையதுதான்.

அந்நாளில் ஹெர்ஷல் ஆஸ்ட்ரம் என்றொரு கிழவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவருடைய நிகழ்ச்சியில் வந்து பேசுவார். ஒரு மணி நேரம் சபையைக் கிழித்துவிட்டு, கடைசியில் தொடர்பே இல்லாமல் சொல்வார்: படகு தார்ப்பாய் போட்டுத்தான் இருக்கு, சாவி அதே இடத்துலதான். டோரீன் ஒவ்வொரு முறையும் 'சம்பந்தமில்லை' என்று போட்டாள். பக்கத்து மேஜைக்காரி அவருக்குப் படகுக்காரர் என்று பட்டப்பெயர் வைத்தாள். இருவரும் சிரித்தார்கள். கீழ்த்தளச் சமையலறையில் டோரீனுக்கு சூப் ஊற்றித் தந்துகொண்டிருந்த லைல் என்ற பையனின் சட்டைப் பெயர்ப்பட்டையிலும் ஆஸ்ட்ரம் என்றுதான் இருந்தது. அவள் அதைத் தினமும் பார்த்தாள். மறைத்தாள் என்றில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்து, கிழவர் இறந்த செய்தியைக் கேள்விப்பட்ட பிறகு, ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது தோன்றியது: படகும் சாவியும் லைலுக்குச் சொன்னது. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தன.

டோரீனும் கணவன் வெண்டலும் வெளியே வந்தபோது மகள் கெண்ட்ரா வரவில்லை. பதினாறு வயதிலேயே சபையின் முழுநேர ஊழியத்துக்குப் போனவள். இனி என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள் என்று மூன்று வரிக் கடிதம் ஒன்று வந்தது. பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. வெண்டல் அவற்றை வருட வாரியாக ஒரு ஷூ பெட்டியில் அடுக்கி வைத்தான்.

"நாம சும்மா இருந்தா என்னிக்காவது ஃபோன் பண்ணுவா, டோரி," என்பான். "வாயத் தொறந்தோம்னா அதுவும் போச்சு."

அவன் சொன்னதற்காகத்தான் அவள் ஏழு வருடம் பேசாமல் இருந்தாள். மார்ச் ஒன்பதாம் தேதி வெண்டல் சிறுநீரகம் கெட்டு இறந்தான். அதற்கு முந்தைய வாரம் டோரீன் சபைக்கு ஃபோன் செய்து, மகளை ஒரே ஒருமுறை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். இறந்த பிறகும் ஃபோன் செய்தாள். இரண்டு முறையும் மரியாதையான ஒரு இளைஞன் செய்தியைச் சேர்த்துவிடுகிறேன் என்றான். அது எங்கே சேரும் என்று அவளுக்குத் தெரியும். டோரீன் ஹக்கபி என்று பெயர் போட்ட கோப்பில் சேரும். கெண்ட்ரா அடக்கத்துக்கு வரவில்லை.

"அவளுக்கு அவங்கப்பா செத்தது தெரியாது ரஸ்," என்றாள் டோரீன். "உன் வீடியோவ உள்ள யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா அந்த ரூம்ல ஒருத்தி கேட்டே ஆகணும். அவ கெண்ட்ராகூட ஒரே மேஜையில சாப்பிடறவளா இருக்கலாம். இல்ல, மேல படிக்கிறவங்கள்ல ஒருத்தருக்காவது மனசு இளகலாம்."

"அந்த வரிய வெட்டிடுவாங்களே. நீங்கதான சொன்னீங்க."

டோரீன் தாளைப் பிரித்துக் காட்டினாள். எட்டுக் குற்றச்சாட்டுகள் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெண்டல் இருந்தான்.

"குற்றச்சாட்ட வெட்ட முடியாது. அது மேல போயே ஆகணும். கிழவர் கடைசியில தனியாச் சொன்னாரு, அதான் போச்சு. நான் உள்ள வெச்சுத் தெச்சிருக்கேன்."

ரஸ் தாளை வாங்கிப் படித்தான். அவன் அண்ணனும் உள்ளேதான் இருக்கிறான். இதைப் பேசியதும் கெண்ட்ராவின் கதவு ஒரேயடியாக மூடிவிடும் என்று எச்சரித்தான்.

"இப்ப தொறந்தா இருக்கு?"

அவன் கேமராவை ஓடவிட்டான்.

டோரீன் படித்தாள். "மார்ச் மாசம் ஒன்பதாம் தேதி செத்துப்போன என் புருஷன் வெண்டல் ஹக்கபி, மகளப் பாக்கணும்னு ஆறு நாள் கேட்டும், சபை அவள அனுப்பல." இப்படி எட்டு வாக்கியங்கள். முடிந்தபோது அவள் முதுகு நனைந்திருந்தது. ரஸ் ஏசியைப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

வீடியோ வியாழக்கிழமை வெளியானது. அடுத்த புதன்கிழமை மத்தியான இடைவேளையில் ரஸ் ஒரு இணைப்பை அனுப்பினான். கீழே, தனியா இருக்கும்போது பாருங்க, என்று எழுதியிருந்தான். டோரீனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஊழியர் அறையில், மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றே பார்த்தாள். அவள் பெயரிலேயே சபைக்காரர்கள் ஒரு இணையப் பக்கம் திறந்திருந்தார்கள். அவளுடைய பழைய புகைப்படத்துக்குக் கீழே நான்கு நிமிட வீடியோ. அதில் கெண்ட்ரா.

வெள்ளைச் சட்டை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வெண்டலுக்கு முதலில் நரைத்த அதே இடத்தில், காதோரம், நரைத்திருந்தது. அம்மா எப்போதுமே பொய்தான் பேசுவாள் என்றாள். தன்னை வளர்த்தது சபைதான், அம்மா இல்லை என்றாள். குடும்பத்தைப் பார்க்க வேண்டாம் என்பது தன் சொந்த முடிவு, யாரும் தன்னைத் தடுக்கவில்லை என்றாள். எதிரே எழுதி வைத்திருந்ததை அவள் கண்கள் வரி வரியாகப் படித்துக்கொண்டு போயின. கடைசியில் நேராகப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இதப் பாப்பீங்கன்னு தெரியும். அம்மா இழுத்ததால போனீங்க. உங்கமேல எனக்குக் கோவமில்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவங்கள விட்டுட்டு வந்துடுங்கப்பா."

மைக்ரோவேவ் பீப் அடித்தது. யாரோ வந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று டோரீனுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. அவளாக இருந்தால் எப்படி அடித்திருப்பாள்? 'குற்றச்சாட்டு: குடும்பச் சந்திப்பு மறுப்பு. மார்ச்.' முடிந்தது. மீதி சம்பந்தமில்லை. அவள் ஒரு வாரம் உட்கார்ந்து தைத்ததைப் பிரிக்க அவளுக்கே மூன்று நொடி போதும். தான் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தோம் என்பதைத்தான் மறந்துபோயிருந்தாள்.

ரஸ் ஃபோன் செய்தான். பார்த்தீங்களா என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் பதிவுக்கு ஒரு நாள் காலியாக இருக்கிறது என்றான்.

"வரேன்," என்றாள். "இந்தத் தடவ பேப்பர் வேணாம். அவரு செத்துட்டாருன்னு மட்டும் சொல்லிட்டே இருக்கேன். ஒரு மணி நேரம்."

"அதையும் வெட்டிடுவாங்க, டோரீன்."

"தெரியும்."

இடைவேளை முடிய ஆறு நிமிடம் இருந்தது. டோரீன் கவுன்டரிலிருந்து பேனாவும் இறைச்சி சுற்றும் தாளும் எடுத்துவந்து உட்கார்ந்தாள். வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு மகள் பேசுவதை எழுதத் தொடங்கினாள். மூச்சு விட்ட இடம், தொண்டையைச் செருமிய இடம், ஒரு சொல்லில் தடுக்கி மறுபடி சொன்ன இடம், எதையும் விடாமல் எழுதினாள். 'அப்பா' என்ற சொல்லுக்கு வருமுன்பே மணி அடித்துவிட்டது.